எடு ஜாடி, விடு ஜாடி

சலூன்காரர்: தலையை நிமித்து மாப்ள. இன்னும் கத்தரியையே எடுக்கல, அதுக்குள்ள துண்டு நனைஞ்சு போச்சு.

வேன்காரர்: ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சா வேர்க்காதா மச்சான்?

சலூன்காரர்: ஃபேன் ஓடுது.

வேன்காரர்: அது ஓடுதா? சும்மா சுத்திக்கிட்டு இருக்கு.

சலூன்காரர்: என் ஃபேனை அப்புறம் திட்டிக்கலாம். வெளிய கேக்குதா?

வேன்காரர்: காது இருக்கே... கேக்காம என்ன?

சலூன்காரர்: "எடு... எடு... எடு..." மைக்கு வேற. இஸ்திரிக்கடைக்காரர் குரல்தானே அது? என்கிட்ட முடி வெட்டிக்க உக்காந்தா அந்த மனுஷன் "ம்"ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டாரு. இன்னைக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ இந்தத் தொண்டை.

வேன்காரர்: அவரை விடு. "விடு"ன்னு கத்துறது யாரு?

சலூன்காரர்: அது வந்து...

வேன்காரர்: ஒருத்தர் கூடவா இல்ல?

சலூன்காரர்: நடுவுல ஒரு சத்தம் கேட்டுச்சு. உத்துக் கேட்டேன். உன் வேன் ஹாரன். பிள்ளைங்க ஏறி அமுக்குதுங்க.

வேன்காரர்: நல்லாருக்கு. நான் ஏன் மச்சான் அந்தக் கூட்டத்துல வாயைத் திறந்தேன்? தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

சலூன்காரர்: உன்னை யாரு திறக்கச் சொன்னா? கரண்டுக்காரர் பொண்ணு மருந்துக்குக் காசு எப்படிச் சேக்கலாம்னு ஆளுக்கொரு யோசனை சொல்லிட்டு இருந்தாங்க. ஒருத்தரு பழைய சாமானை ஏலம் விடலாம்னாரு. மருந்துக்கடைக்காரர் ஓட்டப்பந்தயம் வெக்கலாம்னாரு...

வேன்காரர்: ஓடுறது அவராமா?

சலூன்காரர்: அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள நீ எந்திரிச்ச. "என் மீசையைப் பந்தயம் வெக்கிறேன்"ன. ரெண்டு கண்ணாடி ஜாடி. மீசையை எடுக்கணும்னு நினைக்கிறவங்க "எடு" ஜாடியில காசு போடட்டும், இருந்துட்டுப் போகட்டும்னு நினைக்கிறவங்க "விடு" ஜாடியில போடட்டும். எதுல ஜாஸ்தியோ அதுபடி. ரெண்டு ஜாடிக் காசும் பாப்பாவுக்கு. ஏன்டா, அது என்ன மீசையா, முனிசிபாலிட்டி சீட்டா, ஓட்டெடுப்பு நடத்த?

வேன்காரர்: கரண்டுக்காரர் முகத்தைப் பாத்தியா நீ அன்னைக்கு? ஒரு தும்மல் பலமா வந்தாலே பாப்பாவுக்கு எலும்பு விட்டுப் போகுதுன்னு சொன்னாரே... சொல்லிட்டு, அழுதா நாம சங்கடப்படுவோம்னு சிரிச்சாரு பாரு. எனக்குத் தாங்கல மச்சான். என்ன பேசுறோம்னே தெரியாம எந்திரிச்சுட்டேன்.

சலூன்காரர்: ம்... அந்த நோய்க்குப் பேரு வெச்சவன் கையில கிடைச்சா கேப்பேன். பேனர்ல எழுத உக்காந்தா துணி பத்தல. கடைசியில "நம்ம பாப்பாவுக்காக"ன்னு எழுதிட்டு விட்டாங்க.

வேன்காரர்: அதுதான் நல்லாருக்கு.

சலூன்காரர்: நல்லாத்தான் இருக்கு. சரி, ஜாடியைத் திரும்பிப் பாக்காத. சும்மா சும்மா பாத்தா அது இறங்கிடுமா?

வேன்காரர்: "எடு" கழுத்து வரைக்கும் வந்துருச்சு மச்சான்.

சலூன்காரர்: வந்துருச்சு.

வேன்காரர்: "விடு" இடுப்பைக் கூடத் தாண்டல.

சலூன்காரர்: கண்ணாடி ஜாடி வெச்சது நம்ம தப்பு. தகர டப்பாவா இருந்தா எண்ணுற வரைக்குமாவது நிம்மதியா இருந்திருப்ப.

வேன்காரர்: ஒண்ணு கேக்கவா? கோச்சுக்கக் கூடாது.

சலூன்காரர்: கேளு.

வேன்காரர்: "எடு"ல நீ எதாவது போட்டியா?

சலூன்காரர்: நானா?

வேன்காரர்: இல்ல... தொழில்காரன். இந்த மாதிரி ஒரு மீசையை முழுசா எடுக்கறதுன்னா உனக்கும் ஒரு ஆசை இருக்கும்ல...

சலூன்காரர்: அட கிறுக்குப் பயலே! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கடையைத் திறந்து, வெளிய லைட்டு கூடப் போடாம உனக்கு ஒதுக்கி விடுறேனே, அது எதுக்கு? உன் மீசை இந்தக் கையோட வேலை. நான் போய் "எடு"ல போடுவேனா? உண்மையைச் சொன்னா... "விடு"ல போட்டேன்.

வேன்காரர்: எப்ப?

சலூன்காரர்: தினம்தான். கடை சாத்தறப்ப, அன்னைக்கு வந்த கூலியில பாதி. யாரும் பாக்காம.

வேன்காரர்: மச்சான்...

சலூன்காரர்: என்ன, கண்ணு கலங்குது? சோப்பு இன்னும் போடவே இல்லையே.

வேன்காரர்: நானும் போட்டேன் மச்சான்.

சலூன்காரர்: எதுல?

வேன்காரர்: "விடு"லதான். வேனுக்கு டயர் மாத்த எடுத்து வெச்சிருந்தது. சாயங்காலம் நீ டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து...

சலூன்காரர்: இரு இரு இரு. வேற யாரும் "விடு" பக்கம் வந்து நான் பாக்கலையே. அப்ப இந்த "விடு"ல கிடக்கறது... பூரா நம்ம ரெண்டு பேரு காசா?

வேன்காரர்: அப்படித்தான் போல.

சலூன்காரர்: இந்தத் தெருவுல ஒருத்தர் கூட உன் மீசைக்காக ஒரு சல்லிக்காசு போடலையா!

வேன்காரர்: சிரிக்காத.

சலூன்காரர்: "இந்த மீசையை எடுக்கச் சொல்ல எவனுக்கு மனசு வரும்"னு அன்னைக்குக் கூட்டத்துல கேட்டியே மாப்ள... ஐயோ, வயிறு வலிக்குது...

வேன்காரர்: மெதுவாச் சிரி, வெளிய கேக்கும். சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு... "எடு"ல இவ்வளவு போட்டது யாரா இருக்கும்?

சலூன்காரர்: இஸ்திரிக்கடைக்காரர் ஒரு பங்கு. அவரு சட்டையில உன் வேன் புகை அடிச்சதை இன்னும் மறக்கல.

வேன்காரர்: அதுக்கு இத்தனையா?

சலூன்காரர்: பள்ளிக்கூடத்து டீச்சருங்க சேந்து போட்டாங்க. பிள்ளைங்க சில்லறையாக் கொண்டுவந்து கொட்டுச்சுங்க. ஆனா பெரிய நோட்டு நிறைய இருக்கு மாப்ள. அது யாரு கைன்னுதான் பிடிபடல. ஒருநாளும் என் கண்ணுல மாட்டல.

வேன்காரர்: எவனோ வஞ்சம் வெச்சிருக்கான்.

சலூன்காரர்: வஞ்சமோ என்னவோ, ஒண்ணு நினைச்சுப் பாரு. ரெண்டு ஜாடியும் சேத்தா பாப்பாவுக்கு மருந்தும் ஆச்சு, அளவெடுத்துச் செய்யற சக்கர நாற்காலியும் ஆச்சுன்னு மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக்கு வெளிய இருந்து பாத்தே சொல்லிட்டாரு. அவரு கண்ணு காசு விஷயத்துல பிசகாது.

வேன்காரர்: அது எனக்கும் தெரியும். காலையில கரண்டுக்காரர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. போகும்போது வேன்ல எரியாம இருந்த லைட்டை மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. மனசு நிறைஞ்சுதான் கிடக்கு மச்சான். ஆனா மீசைக்கு உள்ள என்ன இருக்குன்னு உனக்கும் எனக்கும்தானே தெரியும்.

சலூன்காரர்: பெருசா என்ன இருக்கு? பொறக்கும்போது மேலுதடு பிளந்திருந்துச்சு. தையல் போட்டாங்க. ஒரு கோடு. கொஞ்சம் மேல இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வேன்காரர்: உனக்கு அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல என்னைப் பேரு சொல்லி யாரு கூப்பிட்டா? "கிழிஞ்ச வாயன்". மீசை அரும்புன அன்னைக்குத்தான் நான் நிமிந்தே நடந்தேன்.

சலூன்காரர்: நான் அப்படிக் கூப்பிடலையே.

வேன்காரர்: நீ கூப்பிடல. அதனாலதானே உன்கிட்ட முகத்தைக் குடுத்தேன். இப்ப அவ பாத்தா என்ன சொல்லுவா?

சலூன்காரர்: யாரு, என் தங்கச்சியா?

வேன்காரர்: வேற யாரு? கல்யாணம் ஆனதுல இருந்து அவகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீயாவது சொல்லியிருக்கலாம்.

சலூன்காரர்: நல்ல கதையா இருக்கே! மாப்பிள்ளை நீ, சொல்ல வேண்டியது நானா? அவ அப்பவே கேட்டா. "அண்ணே, ஆளு சரி, மீசை ஏன் அவ்வளவு பெருசு?"ன்னா. "கம்பீரம்மா, கம்பீரம்"னு சொல்லி வாயை அடைச்சேன். கல்யாணத்தன்னைக்கு வேற யாரையும் பக்கத்துல விடாம நானே உனக்குச் சவரம் பண்ணேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு உதட்டை மறைச்சு வெச்சிருக்கோம்.

வேன்காரர்: இன்னைக்கு மேடையில, மைக்கு முன்னாடி, அவளும் பாக்கப் போறா. "இவ்வளவு நாளும் பொய் மூஞ்சியோடவா என்கூடக் குடும்பம் நடத்துனீங்க"ன்னு கேட்டா நான் என்ன மச்சான் சொல்லுவேன்?

சலூன்காரர்: மாப்ள... இங்க பாரு.

வேன்காரர்: என்ன?

சலூன்காரர்: மருந்துக்கடைக்காரர் எண்ண வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. ஷட்டர் இறங்கி இருக்கு.

வேன்காரர்: அதுக்கு?

சலூன்காரர்: "எடு"ல இருந்து ரெண்டு கை அள்ளி "விடு"ல போட்டா, யாருக்கு என்ன நஷ்டம்? பாப்பாவுக்கு ஒரு பைசா குறையாது. இங்க இருக்கறது அங்க போகுது, அவ்வளவுதானே. சொல்லு. மூடியைத் திறக்கவா?

வேன்காரர்: வேண்டாம் மச்சான்.

சலூன்காரர்: யோசிச்சுச் சொல்லு. திறந்துட்டேன்.

வேன்காரர்: மூடு. சொன்னாக் கேளு, மூடு. உனக்கு ஒரு விஷயம் சொல்லல நான். பாப்பாவ வேன்ல எனக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுத்தானே கூட்டிட்டுப் போறேன்? சுத்தித் தலையணை வெச்சு?

சலூன்காரர்: தெரியுமே. நீ ஓட்டுற வேகத்துக்கு நடந்து போறவங்க முந்திட்டுப் போறாங்களாம். மத்த பிள்ளைங்க இங்க வந்து சொல்லிச் சிரிக்குதுங்க.

வேன்காரர்: சிரிக்கட்டும். ரோட்டுல பள்ளம் எங்க இருக்குன்னு அதுங்களுக்கா தெரியும்? போன வாரம் பாப்பா உம்முன்னு வந்துச்சு. என்னன்னு கேட்டேன். காலுக்குப் பட்டை மாட்டுறாங்கல்ல, அது தெரியாத மாதிரி பாதம் வரைக்கும் கவுன் தைக்கச் சொல்லி என் வீட்டுக்காரிகிட்ட கேட்டிருக்கு. அவ, "முட்டி வரைக்கும்தான் தைப்பேன்"னுட்டா.

சலூன்காரர்: என் தங்கச்சிக்கு வாய் நீளம், கவுன் குட்டை.

வேன்காரர்: நான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன், "எதுக்குப் பாப்பா மறைக்கணும்? உன் கால், உன் பட்டை. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டுமே"ன்னு. அது என்னை அண்ணாந்து பாத்துச்சு. "அப்ப நீங்க மட்டும் ஏன் மாமா மறைக்கிறீங்க"ன்னுச்சு.

சலூன்காரர்: என்னாது!

வேன்காரர்: "நான் குட்டையா இருக்கேன்ல. கீழ இருந்து பாத்தா மீசைக்குள்ள கோடு தெரியுது மாமா"ன்னுச்சு. சாதாரணமாத்தான் சொன்னுச்சு. சட்டையில பட்டன் இல்லைன்னு சொல்ற மாதிரி.

சலூன்காரர்: நான் இத்தனை வருஷமா நேரா நின்னு பாக்கறவனுக்குத்தான்டா ஒதுக்கி விட்டிருக்கேன். கீழ இருந்து ஒரு ஆளு பாக்கும்னு யாரு கண்டா!

வேன்காரர்: சிக்னல்ல பச்சை விளக்கு விழுந்தது கூட எனக்குத் தெரியல. பின்னாடி இருந்து ஒரே ஹாரன். என்னத்தையோ முனகிட்டு வண்டியை எடுத்தேன். "வலிக்குமா மாமா?"ன்னு கேட்டுச்சு. வலிக்காதுன்னேன். "அப்ப சரி"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. இன்னைக்கு முன்வரிசையில வந்து உக்காந்திருக்கு, பாத்தியா? முட்டி வரைக்கும்தான் கவுன். பட்டை பளபளன்னு தெரியுது. நான் சொன்னதை நம்பி வந்திருக்கு மச்சான். நான் ஜாடியில கையை விட்டு மீசையைக் காப்பாத்திக்கிட்டு, நாளைக்கு அதை எந்த முகத்தோட வண்டியில ஏத்துவேன்?

சலூன்காரர்: இந்தா, மூடிட்டேன். இறுக்கி மூடிட்டேன். போதுமா?

வேன்காரர்: போதும். நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிற?

சலூன்காரர்: கத்தரி தேடுறேன்.

வேன்காரர்: கையிலதான் இருக்கு.

சலூன்காரர்: தெரியும். வாயை மூடு.

வேன்காரர்: அவகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடணும். மேடையில பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. அவளைக் கொஞ்சம் கூப்பிடு...

தையல்காரி: அண்ணே! ஷட்டரைத் தூக்கு, குனிஞ்சா இடுப்புப் பிடிக்குது. என்ன பண்றீங்க ரெண்டு பேரும் உள்ள? மருந்துக்கடைக்காரர் மேடையில பேசப் பேச ஜனம் கொட்டாவி விடுது. பூட்டிக்கிட்டு உள்ள என்ன ரகசியம்?

சலூன்காரர்: வா, வா. உன்னைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

தையல்காரி: நல்லதா இருக்காதே. என்னங்க, ஏன் முகம் இப்படி இருக்கு? மீசை போறதுக்கா இந்தத் துக்கம்? மயிருதானே, வளரும்.

வேன்காரர்: உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தையல்காரி: சொல்லுங்க.

வேன்காரர்: கோச்சுக்கக் கூடாது.

தையல்காரி: அது கேட்டதுக்கு அப்புறம்.

வேன்காரர்: மச்சான், நீ சொல்லேன்.

சலூன்காரர்: நானா? சம்சாரம் உன்னுது!

வேன்காரர்: தங்கச்சி உன்னுது!

தையல்காரி: சண்டையை நிறுத்துங்க. உதட்டுல இருக்கற தையலைப் பத்தித்தானே? என்ன, ரெண்டு பேரும் கடையில தொங்கற காலண்டர் படம் மாதிரி நிக்கிறீங்க?

வேன்காரர்: உனக்கு... உனக்கு யாரு சொன்னா? பாப்பாவா?

தையல்காரி: பாப்பா எதுக்குச் சொல்லணும்? கல்யாணமான புதுசுலயே தெரியும். மல்லாந்து படுத்துத் தூங்குறீங்க, ஃபேன் காத்துக்கு மீசை ஒதுங்குது. தையல் போட்டுப் பொழைக்கறவ நான். தையல் பட்ட இடம் எனக்குத் தெரியாதா?

சலூன்காரர்: அப்ப... நான் இருட்டுல கடையைத் திறந்து, திருடன் மாதிரி இவனுக்கு...

தையல்காரி: அது வேறயா! வெள்ளிக்கிழமையானா விடியக்காலையில கிளம்பிப் போவாரு. எங்கன்னு கேட்டா, "வேனுக்குக் காத்து அடிக்க"ம்பாரு. திரும்பி வந்தா மீசை ஒரு சுத்து குறைஞ்சிருக்கும். டயருக்குக் காத்து அடிச்சா மீசை குறையுமான்னு ஒருநாள் கேட்டுடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

வேன்காரர்: தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

தையல்காரி: எப்படிங்க கேக்கறது? மறைக்கறதுக்கு நீங்க அவ்வளவு பாடுபடுறீங்க. போட்டோ எடுக்க வந்தா தலையைக் குனிவீங்க. சிரிப்பு வந்தா கையைக் கொண்டு போவீங்க. நான் கேட்டு, நீங்க ஒடிஞ்சு போய் உக்காந்துட்டா? நீங்களாக் காட்டுற அன்னைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.

வேன்காரர்: பொய் சொல்லிட்டேன்னு கோபம் இல்லையா?

தையல்காரி: கோபம் இருந்துச்சு. என்னைப் போய் அப்படி நினைச்சுட்டீங்களேன்னு. அது எப்பவோ போச்சு. அழாதீங்க. அண்ணே, அவரு அழுறாரு, நீ ஏன் துண்டால மூக்கைத் துடைக்கிற? அது கஸ்டமர் துண்டு.

சலூன்காரர்: என் கடை, என் துண்டு. சரி... முகத்தை நிமித்து மாப்ள. மேடைக்குப் போய் எடுக்கணுமா, இங்கயே எடுத்துட்டுப் போகலாமா?

வேன்காரர்: மேடையில எடு. பாப்பா பாக்கணும்ல. முதல் வெட்டு மட்டும் இங்க வெச்சுடு, இவ முன்னாடி. அடக் கடவுளே, மனசு என்னமா லேசாயிடுச்சு! இனி எவன் வேணா "எடு"ன்னு கத்தட்டும். அந்தப் பெரிய நோட்டாப் போட்ட புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கும்பிடுவேன்.

சலூன்காரர்: அதுதான் மாப்ள எனக்கும் மண்டையைக் குடையுது. தினம் ஜாடி பக்கத்துலயே நிக்கிறேன். என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு அவ்வளவு காசைப் போட்டது யாரு?

தையல்காரி: தினம் மத்தியானம் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே அண்ணே, ஒருநாளாவது தட்டுல இருந்து தலையைத் தூக்கினியா நீ? புது மிஷினுக்குச் சேத்து வெச்சதெல்லாம் அந்த ஜாடியிலதான் இருக்கு. பாப்பாவுக்கும் ஆச்சு, எனக்கும் என் வீட்டுக்காரர் முகத்தை முழுசா ஒருதடவை பாத்த மாதிரி ஆச்சுன்னுதான் போட்டேன். வை, கத்தரியை வை... கொஞ்சம் தள்ளி நின்னு வெட்டு அண்ணே, காசு குடுத்தவளுக்கு மறைக்குதுல்ல.